மறுபரிசீலனை என்னும் செக்குமாட்டுத் தடம்

மத்திய சிறை வாசலில் மனுப் போட்டுக் காத்திருக்கும் ஆயுள் கைதிகளின் குடும்பங்களுக்குள் ஒரு கேள்வி அடிக்கடி கைமாறும்: “உங்க பேப்பர் எங்க நிக்குது?” பேப்பர் என்பது முன்விடுதலைக் கோப்பு. சிறைக் கண்காணிப்பாளர், காவல்துறை, நன்னடத்தை அலுவலர், உள்துறை என்று அது மேசை மேசையாக நகரும். கடைசியில் “பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது” என்று ஒற்றை வரி வந்தால் அடுத்து என்ன?

இந்தியச் சட்டத்தில் அந்த வரிக்கு எதிராக மேல்முறையீடு என்று தனியாக ஒன்று கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். மேல்முறையீட்டில் நீதிமன்றம் விஷயத்தையே மறுபடி எடைபோடும்; ரிட்டில், முடிவு எடுக்கப்பட்ட விதத்தை மட்டுமே பார்க்கும். இந்த முறையின் பலமும் குறையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் அரசுடையது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432ஆவது பிரிவில் இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473ஆவது பிரிவில் இருக்கிறது. கொலை போன்ற குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளே கழித்திருக்க வேண்டும். அதன்பின் விடுதலை அவருக்கு உரிமையாகிவிடாது. நியாயமாகப் பரிசீலிக்கப்படுவதுதான் உரிமை.

முதலில் பலத்தைச் சொல்லிவிடலாம். காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தும் பழக்கத்தை உடைத்தவை இந்த ரிட் மனுக்களே. இந்தக் குற்றம் சமூகத்தைப் பரவலாகப் பாதித்ததா, மறுபடி குற்றம் செய்ய வாய்ப்புண்டா, குற்றம் செய்யும் வலுவே போய்விட்டதா, இன்னும் உள்ளே வைத்திருப்பதால் பயனுண்டா, குடும்பத்தின் நிலை என்ன: 2000ஆம் ஆண்டு லக்ஷ்மண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய இந்த ஐந்து கேள்விகள்தாம் இன்றும் அளவுகோல். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலங்களில், தகுதி பெற்ற கைதி மனுப் போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுதி, அதை உடனே கைதிக்குத் தெரிவிக்க வேண்டும். எதிர்த்து வழக்காடலாம் என்பதையும் சிறை நிர்வாகம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பலம், இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர். பில்கிஸ் பானு வழக்கில் 11 குற்றவாளிகளுக்குக் குஜராத் அரசு கொடுத்த விடுதலையை, அந்த அதிகாரம் மகாராஷ்டிர அரசுக்கே உரியது என்று சொல்லி 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இதே பரிசீலனையின் பலத்தால்தான். முறைகேடான மறுப்பை உடைக்கும் நீதிமன்றம் முறைகேடான சலுகையையும் உடைக்கும் என்பது பாதிக்கப்பட்டவர்களுக்கான காப்பு.

குறை, ரிட்டில் வென்ற பிறகு தொடங்குகிறது. வென்ற கைதிக்குப் பெரும்பாலும் கிடைப்பது விடுதலை அல்ல, “மீண்டும் பரிசீலிக்க” என்ற உத்தரவு. 2022இல் சத்தீஸ்கர் வழக்கு ஒன்றில், தண்டித்த நீதிமன்றம் முன்விடுதலை பற்றித் தந்த கருத்தில் போதிய காரணம் இல்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், புதிய கருத்து வாங்கி மீண்டும் முடிவெடுக்கச் சொன்னது. 2023இல் பீகார் வழக்கிலும் அதுதான்; அந்தக் கைதி அதற்குள் 24 ஆண்டுகள் உள்ளே கழித்திருந்தார். கோப்பு புறப்பட்ட மேசைக்கே திரும்புகிறது. முதல் மறுப்பில் காரணம் இல்லாததால் அது உடைந்தது. இரண்டாவது மறுப்பில் காரணம் நிறைய இருக்கும், மனம் மட்டும் மாறியிருக்காது. நன்றாக எழுதப்பட்ட மறுப்பை ரிட்டில் உடைப்பது கடினம். ஆக, கைதியின் வெற்றி அரசுக்கு எழுத்துப் பயிற்சியாக முடியும் ஆபத்து இருக்கிறது.

அந்தக் காரணங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போகிறார். வீட்டைப் பார்க்கிறார், அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார். “அவரு வந்தா ஊருக்குள்ள பிரச்சினை வருமா?” என்று கேட்டால், எதற்கு வம்பு என்று நினைப்பவர் “வரலாம் சார்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். அந்த இரண்டு சொல், அறிக்கையில் “பொது அமைதிக்குக் குந்தகம் ஏற்பட வாய்ப்புள்ளது” என்று உருவெடுக்கும். முடிவெடுக்கும் முன் அதைக் கைதிக்குக் காட்டிப் பதில் கேட்கும் வழக்கம் இல்லை. குற்றத்தின் கொடூரம் வேறு ஒவ்வொரு முறையும் எண்ணப்படுகிறது. தண்டனை விதித்தபோதே கணக்கில் வந்துவிட்ட அது ஒருபோதும் மாறாது. மாறக்கூடியது ஆள் மட்டுமே. மாறாத ஒன்றையே காரணமாகச் சொன்னால் மறுபரிசீலனை என்ற சொல்லுக்கே பொருளில்லை.

மௌனமும் ஒரு மறுப்புத்தான். ஆயுள் கைதி பேரறிவாளனை விடுவிக்கத் தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவெடுக்காமல் வைத்திருந்து, பிறகு குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆவது பிரிவைக் கையிலெடுத்துத் தானே விடுவித்தது. கேரளத்தில் 26 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஒருவரையும் 2023இல் கோப்பைத் திருப்பி அனுப்பாமல் நேரடியாகவே விடுவித்தது.

நீதிபதிக்குக் கைதியின் இன்றைய குணம் எப்படித் தெரியும், அது நிர்வாகத்தின் வேலையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதனால்தான் முதல் முறை கோப்பைத் திருப்பி அனுப்புவது சரி. ஆனால் அதே பழைய காரணத்தோடு இரண்டாம் முறையும் மறுப்பு வந்தால், நீதிமன்றமே முடிவு சொல்வதுதான் முறை. அறிக்கைகளின் நகலைக் கைதிக்கு முன்கூட்டியே கொடுப்பதும், ஒவ்வொரு மேசைக்கும் நாள் குறிப்பதும் புதுச் சட்டம் இல்லாமலே செய்யக்கூடியவை.

தண்டனையைக் குறைக்கக் கேட்பவர் கேட்பது காலம். ஆணையில் உள்ள தப்பைத் திருத்த நீதிமன்றம் இன்னும் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டால், அந்த இரண்டு வருடம் அவர் தண்டனையோடுதான் சேர்கிறது. அதை எந்தத் தீர்ப்பும் கழித்துக் கொடுப்பதில்லை.