கோப்பையில் தெரியும் முகம்

ஓவியம் படித்த தோழர் ஒருவர் பழைய பிளெமிஷ் ஓவியம் ஒன்றின் அச்சுப்படத்தை என் முன்னால் விரித்து வைத்தார். ஆண்ட்வெர்ப்பில் வளர்ந்த ஓவிய மரபைச் சேர்ந்த கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் 1612இல் வரைந்தது. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேசைமேல் ஒரு பூச்சாடி, பொன்முலாம் பூசிய இரண்டு கோப்பைகள், சீனக் கிண்ணத்தில் தங்கச் சங்கிலி, சில நாணயங்கள், தூரக் கடல்களிலிருந்து வந்த சங்கு சிப்பிகள். ஆள் யாரும் இல்லை. இந்த வகைக்கு ‘ஸ்டில் லைஃப்’ என்று பெயர்.

தோழர் குறியீடுகளை விளக்கினார். பூ வாடிப்போகும். காசு கைமாறும். சிப்பிக்குள் இருந்த உயிர் எப்போதோ போய்விட்டது. ஆக, எல்லாமே நிலையாமை. இதே கருத்துக்கு மண்டை ஓட்டையும் மணற்கடிகாரத்தையும் மேசையில் வைத்து வரைந்தவர்களும் உண்டாம். “எவ்ளோ பெரிய தத்துவம் பாருங்க தோழர்” என்றார்.

எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்தது. செங்கல்பட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் வெட்டியான் வேலை பார்த்தவர். சாவுச் சேதி சொல்லப் போவது, குழி வெட்டுவது, பிணம் வேகும்வரை காவல் நிற்பது எல்லாம் ஊர் அவர் தலையில் கட்டிய வேலை. பழைய குழியில் மண்வெட்டி பட்டு எலும்பு வந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மேலே வெட்டுவார். மண்டை ஓடு அவருக்குக் குறியீடு அல்ல, வேலையில் கையில் தட்டுப்படும் பொருள். “நிலையில்ல நிலையில்லன்னு பேசறவன்கிட்ட ஒரு குழி நிலம் கேட்டுப் பாரு, அப்பத் தெரியும்” என்பார்.

தாத்தாவின் கேள்வியைத்தான் நான் ஓவியத்திடம் கேட்கிறேன். பொருள் நிலைக்காது என்ற உபதேசம் யாருக்கு வேண்டும்? பொருள் வைத்திருப்பவனுக்கு. திருக்குறளிலும் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. சித்தர்களும் பாடினார்கள். ஆனால் சேரியில் பிறந்தவனுக்கு இதை யாரும் போதிக்கத் தேவையில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய குறிப்பு நிலமின்மையையும் கடனையும், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததையும் பேசுகிறது. மேசை ஓவியம் இருப்பவற்றின் பட்டியல் என்றால், அந்தக் குறிப்பு இல்லாதவற்றின் பட்டியல். அதைத் தொடர்ந்து 1892இல் நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நூறு வருஷம் ஆகியும் நிலம் வந்து சேரவில்லை. அதிகாரம் மட்டும் நிலையாக இருந்தது.

இந்த ஓவியங்களுக்கும் நம்ம கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆண்ட்வெர்ப் அப்போது ஸ்பானிய நெதர்லாந்தில் இருந்தது. அதற்கு வடக்கே தனி அரசு கண்ட டச்சுக்காரர்களும் இதே மாதிரி மேசைகளை வரைந்து தள்ளினார்கள். அந்த மேசைகளுக்குச் சரக்கு வந்த வழிகளில் ஒன்று நம்ம கரை. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. அது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டி, நம்ம நெசவாளர்களின் மெல்லிய துணியைக் கப்பல் ஏற்றினார்கள். துணி மட்டுமா? பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோழமண்டலக் கரையில் மனிதர்களையும் விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள்.

பழவேற்காட்டு டச்சு இடுகாட்டு வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ளும் வேலைப்பாடு மிக்க டச்சுக் கல்லறைகள் உண்டு. நிலையாமையைப் போதித்தவர்கள் தங்கள் பெயரை மட்டும் கல்லில் நிலைக்க வைத்துவிட்டுப் போனார்கள். கப்பலில் போன நம்ம ஜனங்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

இப்போது ஓவியத்தை இன்னொரு தடவை பாருங்கள். கோப்பை ஒன்றின் மேல் பளபளக்கும் குமிழ்கள் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கடுகளவில் ஒரு பெண்ணின் உருவம் தெரியும். கிளாரா தன்னையே வரைந்து வைத்திருக்கிறாள், அதுவும் ஒரு தடவை அல்ல, பல தடவை. தோழர் இதைத் திறமை என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார். எனக்கு இதுதான் ஓவியத்தின் மையம். ஆளில்லாத மேசை என்று நினைத்த இடத்தில் உழைத்தவள் நிற்கிறாள். எல்லாம் போகும் என்ற பாடத்துக்கு நடுவே ‘இதைச் செய்தவள் நான்’ என்கிறாள்.

அவளை நம்ம ஆளாக்க நான் வரவில்லை. கோப்பையை அடித்த தட்டான், கடலில் சிப்பி எடுத்தவன் யாருக்கும் அந்தக் குமிழில் இடமில்லை. ஆனாலும் ஒரு வாசிப்பு முறையை அவள் நமக்குக் காட்டுகிறாள். குறியீடு என்ற பேரில் பொருளைக் கையிலிருந்து பிரித்துத் தத்துவமாக்குகிறார்கள். நாம் அதைத் திரும்பவும் கையோடு சேர்க்க வேண்டும். கலைக்கூடத்து ஓவியமானாலும் சரி, மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமானாலும் சரி, அதே ஊர்க் கடைத்தெருவில் விற்கிற சிப்பி விளக்கானாலும் சரி, ‘இதுக்கு என்ன அர்த்தம்’ என்பதற்கு முன்னால் ‘இது யார் கைபட்டது’ என்று கேட்போம்.

தாத்தாவின் மண்வெட்டி எங்க வீட்டு மூலையில் இன்னும் இருக்கு. யாராவது அதை வரைய வந்தால், பிடியில் அவர் கையையும் சேர்த்து வரையச் சொல்வேன்.