அகப்போரும் இறைநம்பிக்கையும்: பன்யனும் கிருஷ்ணபிள்ளையும்

பக்தி இலக்கியத்தை ஆராய்வோருள் இரு சாராரை நாம் காண்கிறோம். ஒரு சாரார் அதனைச் சமயக் கோட்பாட்டின் பெட்டகமாகக் கொண்டு, நூலிலே பரந்து கிடக்கும் ஐயத்தையும் தத்தளிப்பையும் விரைந்து கடந்து, இறுதியில் வரும் நிச்சயத்தை மாத்திரம் எடுத்துரைப்பர். மற்றைய சாரார், அதாவது முற்போக்கு நோக்கினராகிய நம்மிற் பலர், இறைவன்மீது வைக்கும் நம்பிக்கை உலகியற் போராட்டத்தினின்றும் விலகுவதற்கான வழியென ஒரே வாக்கியத்திலே தீர்ப்புக் கூறிவிடுவர். இருவருமே ஒன்றைப் படிக்கத் தவறுகின்றனர். கண்ணுக்குப் புலனாகாத பகையோடு அடியவன் நடத்தும் போர் எவ்வாறு நிகழ்கிறது, அதிலே நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதே அது. தமிழ்க் கிறிஸ்தவர் 'மோட்சப் பிரயாணம்' என அறிந்துள்ள யோன் பன்யனின் (1628–1688) நூலையும், அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) பாடிய 'இரட்சணிய யாத்திரிக'த்தையும் முன்வைத்து இவ்வினாவை இங்கு எழுப்புவோம்.

1678இல் வெளிவந்த பன்யனின் நூலிலே யாத்திரிகன் அப்பொல்லியோன் என்னும் அரக்கனோடு வாட்போர் புரியும் கட்டம் பெரிதும் பேசப்படுவது. ஓவியர்க்கும் அது உவப்பானது. ஆயினும், நம் கருத்திலே, உண்மையான போர் அதற்கு அடுத்து வரும் மரண நிழற் பள்ளத்தாக்கிலேயே தொடங்குகிறது. அங்கே வாள் பயன்படாது. அதனை உறையிலிட்டுச் செபத்தையே ஆயுதமாக ஏந்துகிறான். பாதை ஒடுங்கியது; ஒருபுறம் பள்ளம், மறுபுறம் சேறு; எங்கும் இருள். அவ்வேளை ஒரு பேய் பின்னால் மெல்ல வந்து, இறைவனை இகழும் சொற்களை அவன் செவியிலே கிசுகிசுக்கிறது. அச்சொற்கள் தன் உள்ளத்திலிருந்தே எழுந்தன என யாத்திரிகன் எண்ணிவிடுகிறான். அதுவரை நேர்ந்த எந்த இடரும் இவ்வளவு அவனை வருத்தியதில்லை. வெளிப்பகையை வெட்டலாம்; தன் குரலாகவே ஒலிக்கும் பகையை என்செய்வது? ஆன்மிகப் போராட்டம் கண்காணாதது என்பதற்குப் பன்யன் தரும் பொருள் இதுவே.

அவனுக்கு ஆறுதல் வந்த விதம் கூர்ந்து நோக்கற்பாலது. வானிலிருந்து அசரீரி எதுவும் கேட்கவில்லை. முன்னே எங்கோ செல்லும் ஒரு மனிதன் சங்கீத வசனமொன்றைச் சொல்லிக்கொண்டு போவது காதில் விழுகிறது. இறைவனுக்கு அஞ்சும் வேறொருவனும் இப்பள்ளத்தாக்கிலே உளன். அவனோடு இருளிலும் இறைவன் இருக்கின்றாராயின் என்னோடு ஏன் இரார் என்று யாத்திரிகன் தேறுகிறான். உடனே கூவி அழைக்கிறான். மறுமொழி இல்லை. ஏனெனில் முன்செல்பவனும் தன்னைத் தனியன் என்றே எண்ணியிருந்தான்! தனித்தனியே தம்மைத் தனியரென எண்ணும் இருவர் ஒரே பாதையிலே நடக்கின்றனர். ஒருவனது செபம் மற்றவனுக்கு ஆதாரமாகிறது. செபித்தவனுக்கு அது தெரியாது.

இக்காட்சி வெறுங் கற்பனையன்று. ஓட்டைப் பாத்திரங்களைத் திருத்தும் தொழிலாளியாகிய பன்யன், தமது ஆன்மிக வரலாற்றை 1666இல் வெளியிட்டார். பெட்போட் நகரத் தெருவொன்றிலே வீட்டு வாசலில் வெயில் காய்ந்தபடி மூன்று நான்கு ஏழைப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததைத் தாம் கேட்டதாக அதிலே குறிப்பிடுகிறார். அப்பெண்கள் தமக்கு நேர்ந்த சோதனைகளையும் அவற்றிலே தாங்கப்பட்ட வகையையும் ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தனர். பின்னர் கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் இரவும் பகலும் தம்மை அலைத்ததைப் பன்யன் விவரிக்கும் பக்கங்களை வாசிப்போர், பள்ளத்தாக்கின் கிசுகிசுப்பு எங்கிருந்து வந்ததென்பதை உணர்வர். நம்பிக்கையின் மொழியை அவர் முதலிற் கேட்டது குருமாரிடமன்று; அவ்வாசற்படியிலே.

அந்நம்பிக்கை மனிதனைச் செயலற்றவனாக்கியதா? 1660 நவம்பரிலே அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்யன் கைதானார். இனிப் பிரசங்கிக்கமாட்டேன் என வாக்களித்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம், அவர் மறுத்தார். 1672 வரை சிறையிலிருந்து, நாடாக்களுக்கு முனை கட்டிக் குடும்பத்துக்கு உதவினார். 1661இல் அவர் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன் சென்று, தம் கணவர் பாத்திரம் திருத்துபவரும் ஏழையும் ஆனமையாலேயே இகழப்படுகிறார் என முகத்துக்கு நேரே கூறினார். ஈ. பி. தொம்சன், ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தமது 1963ஆம் ஆண்டு நூலிலே பன்யனின் யாத்திரிகத்தையும் தொமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' என்னும் நூலையும் அவ்வியக்கத்தின் இரு மூலநூல்களாகக் கொண்டமை தற்செயலன்று.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. யாத்திரிகன் மனைவி மக்களின் அழைப்பைக் கேளாதபடி காதுகளைப் பொத்திக்கொண்டே வீட்டை விட்டு ஓடுகிறான். பேயின் சொல்லுக்குப் பொத்தத் தெரியாத காதுகள் மக்களின் குரலுக்குப் பொத்தப்படுகின்றன. எலிசபெத்தின் துணிவை அறிந்த நமக்கு இது உறுத்துகிறது. 1684இல் வந்த இரண்டாம் பாகத்திலே மனைவியும் பிள்ளைகளும் துணைவரோடு கூட்டமாக அதே பள்ளத்தாக்கைக் கடக்கின்றனர். பன்யனுக்கும் அது உறுத்தியிருக்கலாம்.

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பிலே வைணவக் குடும்பத்திற் பிறந்து, கம்பனிலே தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. 1894இல் நூலுருப்பெற்ற அவரது காப்பியம் ஐந்து பருவங்களாக அமைந்தது. பன்யன் விரித்துரைக்காத கிறிஸ்துவின் பாடுகளை அவர் குமார பருவத்திலே விரித்துப் பாடினார். அதனாற் போராடும் ஆன்மாவுக்கு முன்னே, தானும் பாடுபட்ட இறைவனின் உருவம் வந்து நிற்கிறது. இது தமிழ்ப் பக்தி மரபு தந்த கொடை. ஆனால் இழப்பும் உண்டு. பன்யனின் உரைநடை தொழிலாளியின் பேச்சு. கிருஷ்ணபிள்ளையின் விருத்தமோ கற்றோர் அவைக்குரியது. செவியோரக் கிசுகிசுப்புக்கு வேண்டிய தாழ்ந்த குரல் கம்பனின் ஓசைப்பெருக்கிலே எளிதில் அமையாது. வாசற்படிப் பெண்கள் இக்காப்பியத்தைக் கேட்டிருந்தால் எவ்வளவு விளங்கியிருக்கும் என்பது ஐயமே.

ஆயினும் கதையோட்டத்தினிடையே 'தேவாரம்' என்ற பெயரில் அவர் இசைப்பாடல்களையும் வைத்தார். காப்பியச் சுவையினர் சிலர் இவற்றை இடையூறெனக் கருதக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. காப்பியம் இன்று பெரும்பாலும் பாடத்திட்டத்திலேயே வாழ்கிறது. அவருடைய பாடல்களுட் சிலவோ, அதனை ஒருபோதும் வாசித்திராத சபையாரின் வாயிலே இன்றும் ஒலிக்கின்றன. அவர்களுள் யாருடைய குரல் யாருடைய இருளிலே கேட்கிறதென்பது பாடுபவர்க்குத் தெரியாது.