முப்பது இரும்பும் ஒளிந்திருந்த கார்பனும்: நைட்ரஜனேஸை ரசிப்பது எப்படி?

ஆடிப்பட்டத்துக் கடலைக்காய்ச் செடி பூவெடுத்து நிற்கும்போது, மண் ஈரமாக உள்ள நாளில் ஒரு செடியைச் சுற்றிக் கொத்தி வேரோடு எடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை நீரில் அலசினால், பக்கவேர்கள் கிளைக்கும் இடங்களில் சிறு சிறு உருண்டைகள் ஒட்டியிருப்பது தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்துகொண்டிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது.

அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபினின் நிறம். நம் ரத்தத்தில் இருப்பதைப் போலவே இரும்பு கொண்ட புரதம் அது. ஆக்சிஜனைப் பிடித்து வைத்து, முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாவின் சுவாசத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அளந்து கொடுக்கிறது. இவ்வளவு காவலும் உள்ளே இருக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதிக்காக. ஆக்சிஜன் பட்டால் அது பாழாகிவிடும். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கிப் பயிருக்குக் கொடுப்பது இந்த நொதிதான்.

புரதங்களின் படங்கள் வண்ண வண்ண ரிப்பன்களாக அச்சாகின்றன. அழகு என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் ஓர் அணு ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் உண்மையான ரசனை பிறக்கிறது. நொதியின் அமைப்பு வேறு, அது செய்யும் வினை வேறு என்று பிரித்துப் பார்க்காதீர்கள். ஒன்றின் காரணம் மற்றொன்றில் இருக்கிறது.

முதலில் வேலையின் கடினம்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதன் இரு அணுக்களையும் மூன்று பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. ஒரு மோல் நைட்ரஜனில் அவற்றை அறுக்க 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். யூரியாவுக்கான அம்மோனியாவைத் தயாரிக்கும் ஆலையில் இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம், நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தம் எல்லாம் தேவைப்படுகின்றன. பொள்ளாச்சிக் காட்டிலோ அந்தியூர்க் காட்டிலோ ஒரு வேர் முடிச்சு அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே செய்துவிடுகிறது. அங்கேயும் முக்கிய ஆள் இரும்புதான்.

செலவில்லாமல் நடப்பதல்ல இது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க 8 எலக்ட்ரான்களும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் குறைந்தது பதினாறும் போகின்றன. கூடவே ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் வாயுவாக வெளியேறுகிறது. இந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

இனி அமைப்பைத் திறங்கள்

1992இல் அமெரிக்காவின் கால்டெக்கில் ஜோங்சன் கிம், டக்ளஸ் ரீஸ் இருவரும் இந்த நொதியின் இரும்பு-மாலிப்டினம் மையத்தின் வடிவை வெளியிட்டார்கள். மண்ணில் தனித்து வாழும் அசோட்டோபேக்டர் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதி அது. நம் கடலைக்காய் வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவின் நொதியும் அதே குடும்பம்தான்.

பிடிபி எனப்படும் புரதத் தரவு வங்கியின் தளத்தை யாரும் கைப்பேசியிலேயே இலவசமாகத் திறக்கலாம். 3யு7க்யூ என்ற குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் தட்டித் தேடுங்கள். பக்கத்தின் மேலே தரச் சோதனைப் பட்டைகள் தெரியும். அவற்றில் ஒன்றில் ராமச்சந்திரன் பெயர் இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் 1963இல் வெளியிட்ட வரைபடம் அது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதை அது சொல்கிறது. உலகில் எங்கே ஒரு புரத அமைப்பு வெளியானாலும் இந்தச் சோதனையைக் கடந்தே வருகிறது.

முப்பரிமாணப் படத்தைத் திறந்ததும் ரிப்பன்களை மறைத்துவிட்டு உலோகங்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். நான்கு சங்கிலிகளாலான இந்தப் பெரிய புரதம் ஒத்த இரு பாதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு கொத்துகள் உண்டு. பி-கொத்தில் எட்டு இரும்பு, துணைக்காரணி எனப்படும் இரும்பு-மாலிப்டினம் மையத்தில் ஏழு இரும்பும் ஒரு மாலிப்டினமும். இரு பாதிகளையும் சேர்த்தால் முப்பது இரும்பு. துணைக்காரணியைப் பிடித்திருப்பவை இரண்டே அமினோ அமிலங்கள். ஒரு முனையில் சிஸ்டீன், மறுமுனையில் ஹிஸ்டிடின். நடுவிலுள்ள இரும்புகளைப் புரதம் தொடுவதே இல்லை. வேலை நடக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது.

பத்தாண்டு ஒளிந்திருந்த அணு

அந்தத் துணைக்காரணியைப் பெரிதாக்குங்கள். நடுவே ஆறு இரும்புகள் ஒரு கூண்டாக நிற்கும். 1992இன் படத்தில் கூண்டு வெறுமையாக இருந்தது. பத்தாண்டு கழித்து, 1.16 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் எடுத்த அமைப்பில் உள்ளே ஓர் இலகுவான அணு தெரிந்தது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.

முன்பு அது ஏன் தெரியவில்லை? எக்ஸ்-கதிர்த் தரவு ஓர் எல்லையோடு நின்றுவிடுவதால், கணக்கிட்டு வரையும் வரைபடத்தில் ஒவ்வொரு கனமான அணுவைச் சுற்றியும் சிற்றலைகள் எழும். ஆறு இரும்பும் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், சுமார் 2 ஆங்ஸ்ட்ராமில் இருக்கின்றன. சுற்றிலும் உள்ள ஒன்பது கந்தகங்களும் அப்படியே சமதூரத்தில், இன்னும் சற்றுத் தள்ளி. அத்தனை அலைகளின் பள்ளமும் நடுவில் ஒன்றுசேர்ந்து, அங்கிருந்த சிறிய அணுவின் மேட்டை நிரவிவிட்டன. கூண்டின் சீரான வடிவமே உள்ளிருந்ததை மறைத்துவிட்டது.

அது நைட்ரஜனா, ஆக்சிஜனா, கார்பனா என்ற கேள்வி 2011 வரை நீடித்தது. அந்த ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெவ்வேறு வழிகளில் சென்று கார்பன்தான் என்று காட்டின. நீங்கள் திறந்திருக்கும் 3யு7க்யூ அவற்றில் ஒரு குழுவின் அமைப்பு.

எலக்ட்ரானோடு கூடவே நடங்கள்

அடுத்து 1என்2சி என்ற அமைப்பைத் திறங்கள். பெரிய புரதத்தின் இரு முனைகளிலும் சிறிய இரும்புப் புரதம் ஒட்டியிருக்கும். எலக்ட்ரானைக் கொண்டுவருவது அதுதான். ஒட்டும், ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும், இரண்டு ஏடிபியைச் செலவழிக்கும், விலகும், மறுபடி வரும். சோமனூர்த் தறியில் நாடா ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஓர் ஓட்டத்துக்கு ஓர் ஊடை இழை. எட்டு எலக்ட்ரானுக்கு எட்டு ஓட்டம், பதினாறு ஏடிபி. முதலில் நினைவில் வைத்த கணக்கு இங்கே தீர்கிறது.

நான்காவது எலக்ட்ரான் வரும் கட்டத்தில் நின்று பாருங்கள். அப்போது துணைக்காரணியில் இரண்டு ஹைட்ரைடுகள் (எலக்ட்ரான் மிகுந்த ஹைட்ரஜன்கள்) இரும்புகளுக்கிடையே பாலமாக நிற்கின்றன. அவை இணைந்து ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறும் அந்த நொடியில்தான் நைட்ரஜன் வந்து ஒட்டுகிறது. வீணாவதுபோலத் தெரிந்த அந்த ஹைட்ரஜன், மூன்று பிணைப்புகளைத் தளர்த்தத் தொடங்குவதற்குக் கொடுக்கும் விலை.

வாசலையும் பாருங்கள். துணைக்காரணியின் ஒரு முகத்துக்கு மேலே 70ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் நிற்கிறது. அதை எடுத்துவிட்டுச் சிறிய அலனினை வைத்தால் பெரிய மூலக்கூறுகளும் உள்ளே வந்து வினைப்படுகின்றன. பருத்த ஐசோலூசினை வைத்தால் நைட்ரஜனுக்கு வழி அடைபடுகிறது, புரோட்டான்கள் மட்டும் போகின்றன. அமைப்பைப் பார்த்து வினையைக் கணிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

நம் மண்ணில் இதன் பொருள்

இத்தனை இரும்பு கேட்கும் நொதிக்கு, கோவை வட்டாரத்துச் சுண்ணாம்பு மிகுந்த நிலங்கள் ஒரு சவால். மண்ணில் இரும்பு நிறைய இருந்தும் காரத்தன்மையால் கரையாமல் கிடக்கிறது. கடலைக்காய் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வெளுப்பது அதனால்தான். அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைசலைத் தெளிப்பது இலை பச்சையாவதற்காக. ஆனால் இரும்புப் பற்றாக்குறை முடிச்சுகளின் வளர்ச்சியையும் முடக்கும் என்பதையும் சேர்த்து நினையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரைசோபியம் உயிர் உரத்தைக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி விதைக்கச் சொல்கிறது. அந்தப் பூச்சோடு மண்ணுக்குள் போவது இந்த நொதியைக் கட்டும் மரபணுக்கள்.

நைட்ரஜன் எந்த இரும்பில், எந்தக் கோணத்தில் உட்காருகிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். 2014இல் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய அமைப்பு ஒன்று வெளியானது. அதில் கூண்டின் இடுப்பிலிருந்த ஒரு கந்தகம் இடம்விட்டு விலகியிருந்தது. ஆகவே, புதிய நைட்ரஜனேஸ் அமைப்பு எது வெளியானாலும் முதலில் அந்தக் கந்தகத்தைத் தேடுங்கள். அது இருக்கிறதா, போய்விட்டதா, அதன் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து நீங்களே வினையை வாசிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.