மோகனாவின் ஏக்கத்துக்கு ஏன் திருநீறு பூச வேண்டும்?

ராக விளக்க உரைகளிலும் பழைய பாடல் மேடைகளிலும் ஒரு சமாதானம் வழக்கமாகிவிட்டது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் பி. சுசீலா பாடிய 'மறைந்திருந்து பார்க்கும்' பாடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம், சண்முகப்பிரியா ராகத்தைக் கையாண்ட அழகைப் பாராட்டிவிட்டு, இது காதல் பாட்டே அல்ல, ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுவது என்று முடித்துவிடுகிறார்கள். இந்த வாசிப்புக்கு வேர் உண்டு, மறுக்கவில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகியதும், உரைகாரர்கள் அதற்கு நாயகி பாவம் என்று இலக்கணம் கண்டதும் நம் மரபுதான். பாட்டை எழுதிய கண்ணதாசனுக்கு அது அத்துபடி. கே.வி. மகாதேவனும் சந்நிதியில் பாடத்தக்க மெட்டைத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்த வாசிப்பை இந்தப் பாட்டின் மேல் போர்த்தும்போது இதன் உயிர்நாடியே அறுந்துபோகிறது.

படத்தின் நாயகி மோகனா ஆடுகிறாள். நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரம் கூட்டத்தின் கண்ணில் படாமல் ஒளிந்து பார்க்கிறார். அவர் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். பல்லவியின் கேள்வி அவருக்குத்தான் போகிறது. பாட்டில் வரும் விளிப்பெயர்களின் வரிசையைக் கவனியுங்கள். பெருமாளையும் முருகனையும் மாறி மாறி அழைத்து, சண்முகன் என்ற பெயரில் போய் நிற்கிறது. பாட்டில் வரும் அழகர் மலையில்தான் பழமுதிர்சோலையும் இருக்கிறதே, அங்கே முருகனை அழைப்பதில் என்ன வியப்பு என்று கேட்கலாம். வியப்பில்லைதான். அந்த மலையில் இரு தெய்வமும் குடியிருப்பதால்தான், சபையில் யாருக்கும் ஐயம் வராமல் தன் மனத்துக்கு உகந்தவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இடம் கிடைக்கிறது. அகத்திணையில் தலைவன் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. பக்திப் பாடல்கள் அதைத் தளர்த்தி இறைவன் பெயரைச் சொல்லின. கண்ணதாசனோ இறைவனுக்கும் காதலனுக்கும் பொதுவான பெயரை எடுத்து, சொன்னதாகவும் சொல்லாததாகவும் ஆக்கிவிட்டார். திரைப்பாட்டில் இவ்வளவு நுணுக்கமான வேலை அரிது. காதலனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாமாவளி.

இறைவனும் மறைந்திருந்துதானே பார்க்கிறான், அவனைப் பாட்டில் 'நாணமா' என்று சீண்டுவது நிந்தாஸ்துதி ஆகாதா என்பது அடுத்த வாதம். நிந்தாஸ்துதியில் கேலிக்கு ஆளாகும் தெய்வத்துக்குக் கௌரவச் சிக்கல் எதுவும் இல்லை. நேரே வந்து உட்கார்ந்தால் தன் மதிப்பு என்னாகும் என்று கவலைப்படுவது மனிதன்தான். மோகனா குத்துவது அந்த வீம்பை. வித்துவானின் வீம்புக்கும் ஆட்டக்காரியின் வீம்புக்கும் நடக்கும் போட்டியாகக் கதை வளர்வதற்கு இந்தச் சீண்டல்தான் விதை.

எனக்கு இதில் பெரிய மனக்குறை வேறு. கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய தொடரிலிருந்து வந்த இந்த மோகனா, தேவதாசி மரபின் மகள். அந்த மரபுப் பெண்கள் ஆடிய சிருங்காரப் பதங்களை, மேடைக்கு ஏற்பச் சுத்தப்படுத்துகிறோம் என்று ஒதுக்கியவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதே சமாதானம்தான். அதே மரபில் வந்த பாலசரசுவதி, 1975-இல் தமிழ் இசைச் சங்கத் தலைமையுரையில், பரதத்தில் சிருங்காரமே தலையாயது, அதைத் தூய்மைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை என்று எடுத்துரைத்தார். அவர் பக்தியைத் தள்ளவில்லை. சிருங்காரத்தினுள்ளேயே அது இருக்கிறது என்றார். நம் விளக்கவுரையாளர்கள் செய்வது தலைகீழ். ஒரு பெண்ணுக்கு ஒரு மனிதர்மேல் ஆசை என்பதை ஒப்புக்கொள்ளக் கூசி, அவளிடமிருந்து அந்த ஆசையைப் பிடுங்கித் தத்துவத்துக்குத் தானம் செய்கிறார்கள். ஆண்டாளே தன் உடலின் தவிப்பை மறைக்காமல் பாடிய மொழியில் இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

படம் பார்க்காமல் வானொலியில் கேட்டவர்களுக்கு இது பக்திப் பாட்டாகத்தானே பட்டது என்பார்கள். பட்டிருக்கலாம், மோகனாவின் எதிரே உட்கார்ந்திருந்த சபைக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். பாட்டை விளக்க வருபவர் அந்தச் சபையோடு நின்றுவிடலாமா? ஒளிந்து நின்றவர் காதில் என்ன விழுந்தது என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.