துன்பக் காலத்து வாசிப்பும் ஆறுதலும்: செங்கல் எல்லைப்புறத்தை முன்வைத்து வரலாற்று, துப்பறியும் புதினங்கள்

முன்னுரை

தமிழ்ப் புதினத் திறனாய்வில் 'ஆறுதல்' என்னும் சொல் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வழங்கி வந்துள்ளது. வரலாற்றுப் புதினமும் துப்பறியும் புதினமும் வாசகரை நிகழ்காலத்திலிருந்து அகற்றி மயக்கத்தில் ஆழ்த்துவன என்பது க.நா. சுப்ரமண்யம் முதலாகப் பலரும் வெவ்வேறு நிலைகளில் நின்று கூறிய கருத்தாகும். க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) சமூகவியல் நோக்கில் புதினத்தை அணுகிய பிறகு இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. இக்கருத்தில் உண்மை இல்லை எனக் கூற இயலாது. எனினும் மயக்கம் வேறு, ஆறுதல் வேறு. 'ஆறு' என்னும் வினையடி புண் ஆறுவதையும் சூடு ஆறுவதையும் சினம் ஆறுவதையும் ஒருசேரக் குறிக்கும். மறதியால் புண் ஆறுவதில்லை. துன்பக் காலத்தில் இவ்விருவகைப் புதினங்களை நாடும் வாசகர் எதைப் பெறுகிறார், அதற்கு ஈடாக எதை இழக்கிறார் என்பதை, கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அணித்தாக அமைந்த செங்கல் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வட்டாரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இரு மொழிகளின் வரலாற்றுப் புதினங்களும் வந்து சேரும் நிலம் இது. இரண்டும் இந்நிலத்தை வெவ்வேறு வகையில் ஆள்கின்றன.

துன்பமும் தொடர்கதையும்

1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் உணவு முட்டுப்பாடு கடுமையாயிற்று. தென்திருவிதாங்கூர் வீடுகளில் சோற்றின் இடத்தை மரச்சீனிக் கிழங்கு பெற்றது இக்காலத்தில்தான் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்த அப்பயிர் போர்க்காலத்தில் உயிர்காத்தது. இதே ஆண்டுகளில்தான் 1941இல் தொடங்கப்பெற்ற 'கல்கி' இதழில் 'பார்த்திபன் கனவு' தொடர்கதையாக வெளிவந்தது. அதன் பின்னர்ச் 'சிவகாமியின் சபதம்' தொடர்ந்தது.

'பார்த்திபன் கனவு' தோற்றவனின் கதை. சோழ மன்னன் பார்த்திபன் போரில் மடிகிறான். அவன் கண்ட கனவு மகன் விக்கிரமனின் காலத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது. இக்கதையின் உட்கட்டு துப்பறியும் கதைக்குரியது என்பது இங்கு நோக்கத்தக்கது. சிவனடியார் யார் என்பதே வாசகரை வாரந்தோறும் இழுத்துச் செல்லும் வினா. அடியார் வேடத்தில் இருப்பவர் பகைவனாகிய நரசிம்மவர்மப் பல்லவரே என்று வெளிப்படும்போது பகையே காவலாக இருந்தது என்னும் செய்தி வாசகருக்குக் கிட்டுகிறது. உலகம் சீர்குலைந்து கிடப்பதாகத் தோன்றும் காலத்தில், அச்சீர்குலைவின் பின்னே ஒருவர் எல்லாவற்றையும் அறிந்து இயக்கிக்கொண்டிருக்கிறார் என்னும் உறுதியைக் காட்டிலும் பெரிய ஆறுதல் வேறொன்று இருக்க இயலாது.

துப்பறியும் புதினத்தின் ஆறுதலும் இதனை ஒத்ததே. 1941இல் இலண்டனின் பெத்னல் கிரீன் சுரங்க நிலையத்தில், குண்டுவீச்சுக்கு அஞ்சி ஒதுங்கியோருக்காக ஒரு நூலகமே இயங்கியது. போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின் கவிஞர் ஆடன் எழுதிய கட்டுரை, துப்பறியும் கதையின் இன்பத்தை இழந்த மாசின்மை மீட்கப்படுவதன் இன்பமாக விளக்கியது. ஒருவன் மட்டுமே குற்றவாளி. அவன் கண்டறியப்பட்டதும் ஏனையோர் அனைவரும் குற்றமற்றவராகின்றனர். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் வளர்த்த மரபும், மலையாளத்தில் அப்பன் தம்புரானின் 'பாஸ்கர மேனோன்' தொடங்கிக் கோட்டயம் புஷ்பநாத் வரை நீண்ட மரபும் இந்த ஒழுங்கையே நம்பி நின்றன. எல்லைப்புற வாசகருக்கு இவ்விரு மரபுகளும் எட்டும் தொலைவில் இருந்தன. புஷ்பநாத்தின் கதைகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டன.

தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டனுள் வரலாற்றுப் புதினம் பெருமிதத்தையும் துப்பறியும் புதினம் மருட்கையையும் அச்சத்தையும் பற்றி நிற்கின்றன. அழுகை இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இந்த இழப்பு செங்கல் வட்டாரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

நெய்யாற்றின்கரையின் பலா

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்பட்டு வரும் அம்மச்சிப் பிலாவு என்னும் பழம்பலாவின் பொந்தில், எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய இளவரசர் மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்தார் என்பது வழக்கு. இவ்வரலாற்றுச் சூழலை வைத்துச் சி.வி. இராமன்பிள்ளை எழுதி 1891இல் வெளிவந்த 'மார்த்தாண்டவர்மா' மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினம் எனப் போற்றப்படுகிறது. தமிழ் கலந்த தென்திருவிதாங்கூர்ப் பேச்சு அதன் பாத்திரங்களின் வாயில் ஒலிப்பதால், இவ்வட்டாரத் தமிழருக்கு அது அயல்மொழி நூலாகத் தோன்றாது.

இப்புதினமும் ஒரு துப்பறியும் கதையே. பஞ்சவன்காட்டில் அனந்தபத்மநாபன் இறந்தானா? இறந்தான் எனில் கொன்றவர் யார்? ஊரார் யட்சியின் மேல் பழி போடுகின்றனர். இளவரசரின் மேலும் ஐயம் திருப்பப்படுகிறது. இறந்ததாகக் கருதப்பட்டவனோ பித்துப்பிடித்த சான்னானாகவும் பிறவாகவும் வேடமிட்டு உலவுகிறான். வேடம் களைந்து அவன் வெளிப்படும்போது காத்திருந்த பாறுக்குட்டிக்கு வாழ்வு மீள்கிறது. அரசுக்கும் ஒழுங்கு மீள்கிறது. ஆடன் கூறிய மாசின்மை மீட்பு இங்கே முழுமையாக நிகழ்கிறது.

ஆயினும் யாருக்கு நிகழ்கிறது என்பதே வினா. நாயகன் அணிந்து களையும் சான்னான் வேடம், அணிந்த பின் களைய இயலாத பிறவி அடையாளமாகப் பல்லாயிரவருக்கு இருந்த நாடு அது. 1822 முதல் 1859 வரை தென்திருவிதாங்கூரில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் மேலாடை அணியும் உரிமைக்கானது. அப்போராட்டம் ஓய்ந்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த புதினத்தில் சான்னான் கோலம் ஒளிந்துகொள்வதற்கான உடையாக மட்டுமே வருகிறது. சி.வி.யின் கலைத்திறனை இது குறைக்கவில்லை. அவருடைய சுபத்திரை இந்திய மொழிப் புதினங்களில் தோன்றிய மிகச் சிறந்த பெண் பாத்திரங்களுள் ஒருத்தி. அவளது கொலையை மறைக்காமல் காட்டிய இடத்தில் ஆசிரியர் தம் வாசகருக்கு முழு ஆறுதலை மறுத்தும் விடுகிறார். எனினும் புதினத்தின் மொத்த ஓட்டம் வென்றவரின் பக்கமே நிற்கிறது.

வில்லுப்பாட்டில் அழுவோர்

இதே வரலாற்றைத் தமிழ்க் கதைப்பாடல்கள் வேறு விதமாகக் கூறின. வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் மார்த்தாண்டவர்மரால் கொல்லப்பட்ட செய்தியைத் 'தம்பிமார் கதை' கொல்லப்பட்டவரின் பக்கம் நின்று பாடுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மடிந்த படைத்தலைவனை 'இரவிக்குட்டிப்பிள்ளைப் போர்' பாடுகிறது. கொலையுண்டோர் தெய்வமாகி ஊர்க்கோயில்களில் கொடை பெறுவதும், அக்கொடையில் வில்லடித்து அவர் கதை பாடப்படுவதும் இந்நிலத்து மரபு.

இங்குக் கேட்போர் பெறும் ஆறுதல் புதினம் தரும் ஆறுதல் அன்று. முடிவு முன்பே தெரியும் என்பது இரண்டிற்கும் பொது. ஆனால் வில்லுப்பாட்டில் தெரிந்த முடிவு சாவு. கொன்றவன் யார் என்பதில் மர்மம் இல்லை. அவன் பெயரும் அரசாட்சியும் எல்லோர்க்கும் தெரியும். அவன் தண்டிக்கப்படுவதும் இல்லை. இறந்தவரை ஊர்கூடி நினைத்து அழுவதே ஆறுதலாகிறது. புதினம் தனியே அமர்ந்து வாசிக்கப்படுவது. வில்லுப்பாட்டு இரவெல்லாம் விழித்திருக்கும் கூட்டத்தில் கேட்கப்படுவது. துன்பத்தில் தனித்திருப்பவருக்கு எது கைகொடுக்கும் என்பது எளிதில் விடை கூறத்தக்க வினா அன்று. 2020இல் பெருந்தொற்று ஊரடங்கால் களியக்காவிளை எல்லைவழிப் போக்குவரத்து நின்றபோது கொடைகளும் நின்றன. கூட்டம் கூட இயலாத காலத்தில் கைப்பேசியில் படிக்கவும் கேட்கவும் கிடைத்தது நாட்டுடைமையாக்கப்பட்ட கல்கியே.

சோழரும் காந்தளூரும்

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வெளிவந்தது. இவ்வாண்டுகள் தென்திருவிதாங்கூர்த் தமிழர்க்குக் கடும் கொந்தளிப்பின் ஆண்டுகள். தமிழ் வழங்கும் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்கத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடிக்கொண்டிருந்தது. தொடர் முடிந்த மூன்றாம் மாதம், 1954 ஆகஸ்டு 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் குமரி மாவட்டமாயின. கோரப்பட்டவற்றுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. செங்கலும் அதனோடு நின்றது.

அரசியல் எல்லை கைவிட்ட தமிழ் வாசகருக்கு மொழி எல்லையைக் கடந்து வந்த சோழப் பெருமிதம் தனி ஆறுதலாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. தமக்கு உரிய மணிமுடியை அருள்மொழிவர்மர் மதுராந்தகருக்கு விட்டுக்கொடுக்கும் இறுதிப் பகுதியும் இழப்பைப் பெருமையாக மாற்றிக் காட்டுவது. இங்கு ஒரு முரண் எழுகிறது. செங்கல் அமைந்த நிலம் ஆய் வேளிரின் நாடு. அதன் அருகே முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் கருநந்தடக்கன் நிறுவிய சாலை, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது. அக்காந்தளூரில் வெற்றி கண்டதைத் தம் மெய்க்கீர்த்தியில் முதற்செய்தியாகப் பொறித்தவர், அரியணை ஏறிய பின்னர் இராசராசர் எனப்பட்ட இதே அருள்மொழிவர்மரே. செங்கல் வாசகர் ஆறுதல் தேடிச் செல்லும் நாயகர் அவர் ஊருக்குப் படையெடுத்து வந்தவர். கல்கியின் கதை அருள்மொழிவர்மர் முடிசூடும் முன்பே முடிந்துவிடுவதால் இப்படையெடுப்பு புதினத்தின் வெளியே நின்றுவிடுகிறது. தொடர்கதையின் கால எல்லை வாசகரின் அமைதியையும் காத்துவிட்டது.

முழுவதும் காத்துவிட்டது எனலாகாது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வினாவிற்குக் கல்கி உறுதியான விடை தரவில்லை. துப்பறியும் கதையின் எல்லாக் கருவிகளையும் கையாண்டு, இருட்டறை, மறைவழி, ஐயத்திற்குரிய பலர், தவறாகப் பழி சுமக்கும் நாயகன் என அனைத்தையும் அடுக்கிய பின் விடையை மட்டும் நிறுத்திவைத்தார். இது தொடர்கதை ஆசிரியரின் தடுமாற்றம் எனக் கூறுவோர் உளர். அது பொருந்தாது. குற்றவாளி ஒருவன் உறுதியானால் ஏனையோர் மாசற்றவராவர் என்னும் எளிய ஆறுதலைக் கல்கி இங்கே மறுத்துள்ளார். வந்தியத்தேவன், நந்தினி, பெரிய பழுவேட்டரையர் ஆகிய எவரும் முழுதும் விடுபடாமல் கதை முடிகிறது. கல்கியின் எழுத்தை மயக்கம் என ஒதுக்கியோர் இவ்விடத்தைப் போதிய அளவு கருதவில்லை.

உடையார்குடிக் கல்வெட்டு கொலைக்குற்றவாளிகளாகக் குறிக்கும் இரவிதாசன் முதலியோரின் பட்டப்பெயர்களுள் ஒன்று பஞ்சவன் பிரமாதிராயன் என்பது. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர்; சி.வி.யின் பஞ்சவன்காட்டிலும் அப்பெயரே உள்ளது. அவர்கள் காந்தளூர்ச் சாலையோடு தொடர்புடையோர் என்றும், இராசராசரின் படையெடுப்பிற்கு அண்ணன் கொலையும் ஒரு காரணம் என்றும் கருதுவோர் உண்டு; மறுப்போரும் உண்டு. அக்கருத்து நிற்குமாயின் கடம்பூர் மாளிகையின் இருட்டறையில் தொடங்கும் தடம் தெற்கே வந்து, பார்த்திவபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட இந்நிலத்தில்தான் முடிகிறது. தஞ்சை வாசகருக்குத் தொலைவில் நிகழும் மர்மமாக இருப்பது செங்கல் வாசகருக்குத் தம் ஊர்க்காரர் மேல் சுமத்தப்பட்ட வழக்காகிறது. புதினத்தை மூடிவைத்த பின்னும் அவர் அவ்வழக்கை விசாரிக்க வேண்டியிருக்கிறது.