வேலை இல்லாத காலத்தில் வாங்கும் டைப் ரேட்டிங்

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். இடையில் 2020-இல் கொரோனாவால் உள்நாட்டு விமானங்கள் இரண்டு மாதம் தரையிலேயே கிடந்தன. இப்படி வேலை வற்றும்போதெல்லாம், கையில் சி.பி.எல். எனப்படும் வணிக விமானி உரிமம் மட்டும் வைத்திருக்கும் இளைஞர்களின் காதில் ஒரே யோசனை விழுகிறது: சும்மா இருக்காதே, டைப் ரேட்டிங் எடுத்துவை. 200 மணி நேரம் பறந்து, அரைக் கோடி ரூபாயைத் தொடும் செலவில் உரிமம் வாங்கியவர், ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதிக்காக மேலும் 15 முதல் 25 லட்சம் வரை கட்ட வேண்டும். அதுவும் வேலைக்கு எந்த உறுதியும் இல்லாமல்.

யோசனையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இந்தத் தொழிலில் தட்டுப்பாடும் திடீரென்றுதான் வரும். 2020-இல் சம்பளம் வெட்டுப்பட்ட துறையில்தான் 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. அவசரமாக ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு, டைப் ரேட்டிங் முடித்தவரைப் பணியில் இறக்க ஆகும் காலம் குறைவு. இதைவிட நான் பெரிதாக மதிப்பது பயிற்சியைத்தான். சிறிய செஸ்னாவில் தனியாகப் பறந்து பழகியவர், சிமுலேட்டரில்தான் முதன்முறையாக இன்னொரு விமானியோடு வேலையைப் பிரித்துக்கொள்ளவும், அவர் செய்வதைச் சரிபார்க்கவும், என்ஜின் ஒன்று நின்றுபோனால் பதறாமல் வரிசையாகச் செயல்படவும் கற்கிறார். வீட்டில் உட்கார்ந்து அதைக் கற்க வழியில்லை.

ஆனால் இந்தத் தகுதி கல்லூரிப் பட்டம் போலச் சட்டம் போட்டு மாட்டிவைக்கக் கூடியதல்ல. பயணிகளோடு பறக்க வேண்டுமானால், முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். விமானத்தில் இல்லையென்றால் சிமுலேட்டரிலாவது. திறன் சோதனையும் குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப வரும். வேலையில் இருப்பவருக்கு இதையெல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. வேலையில்லாதவர் ஒவ்வொரு முறையும் சிமுலேட்டருக்குத் தன் கைக்காசைக் கட்ட வேண்டும். மந்தநிலை இரண்டு ஆண்டு நீண்டால், வாங்கிய தகுதி காகிதத்தில் இருக்கும், கை மறந்திருக்கும்.

எந்த ரகத்தை வாங்குவது என்பது இன்னொரு சூதாட்டம். 2019 தொடக்கத்தில் போயிங் 737-க்குப் பணம் கட்டிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். மார்ச்சில், இரண்டு விபத்துகளுக்குப் பிறகு, 737 மேக்ஸ் உலகெங்கும் தரையிறக்கப்பட்டது. அடுத்த மாதம், 737-களைப் பெருமளவில் ஓட்டிவந்த ஜெட் ஏர்வேஸ் நின்றது. அவர் கணக்கு தப்பாகப் போடவில்லை; அந்தக் கணக்கைச் சரியாகப் போட யாராலும் முடிந்திருக்காது.

ஏ320-ஐத் தேர்ந்தவருக்கும் நிம்மதி இல்லை. கோ ஃபர்ஸ்ட் முழுக்க ஏ320 குடும்ப விமானங்களையே வைத்திருந்தது. அது நின்றதும் அதே தகுதியோடு, ஆயிரக்கணக்கான மணி அனுபவமும் உள்ளவர்கள் வேலை தேடி வந்தார்கள். புதியவரைத் தகுதி வாங்கத் தூண்டும் சரிவே, அவருக்கு முன்னால் அனுபவசாலிகளையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. ரேட்டிங் இருக்கிறது, அந்த ரகத்தில் ஒரு மணி நேரம்கூட வேலையாகப் பறந்ததில்லை என்ற நிலையில் உள்ள விண்ணப்பத்தை யார் முதலில் எடுப்பார்கள்?

எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். தன் விமானத்தை ஓட்ட ஆளைப் பழக்குவது நிறுவனத்தின் செலவு. அது மெல்ல மெல்ல விண்ணப்பதாரர் தலையில் ஏறியிருக்கிறது. நிறுவனத்தின் கை ஓங்கியிருக்கும் சரிவுக் காலத்தில் இன்னும் வேகமாக ஏறுகிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க முடிந்தவர் முன்னால் போகிறார், நன்றாக ஓட்டுகிறவர் பின்தங்குகிறார். விமானி இருக்கையில் யார் உட்கார்கிறார்கள் என்பது பின்னால் உட்காரும் 180 பேருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் தகுதியை டைப் ரேட்டிங்கோடு வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பின், பயணிகள் விமானத்தில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி அனுபவம் வேண்டும் என்று விதி வந்தது. விழுந்த விமானத்தின் இரு விமானிகளுக்குமே அதைவிட அதிக மணிகள் இருந்தன, எண்ணிக்கை திறமையாகிவிடாது. என்றாலும் அந்த விதியால் ஏராளமான இளைஞர்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே மணிகளைச் சேர்க்கிறார்கள். மணிக்காக மட்டும் கற்பிப்பவர் நல்ல ஆசிரியராக இருப்பாரா என்ற கவலை நியாயமானது. ஆனாலும் அவர் பறக்கிறார், சம்பளம் வாங்குகிறார், மாணவர் செய்யும் தவறுகளை நாள்தோறும் பக்கத்து இருக்கையிலிருந்து திருத்துகிறார். கடன் வளரவில்லை, கை துருப்பிடிக்கவில்லை.

இந்தியாவில் பயிற்றுநர் இடங்கள் குறைவு, சம்பளமும் சுமார்தான். இருந்தும் சரிவுக் காலத்தில் எனக்கு அதுவே முதல் தேர்வு. அதோடு, கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளுக்கும் உட்கார்ந்து படிக்கலாம். செலவு மிகக் குறைவு. டைப் ரேட்டிங்கை, நிறுவனம் ஒன்று எழுத்தில் வேலை தந்த பிறகு, அது இயக்கும் ரகத்தில், முடிந்தால் அதன் செலவில் எடுத்துக்கொள்ளலாம்.