வெறுங்கால் பெருமை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்திருக்கிறீர்களா? 365 படிகள். தோளில் காவடி, காலில் செருப்பு கிடையாது. 'அரோகரா' போட்டுக்கொண்டு ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். ஆனால், அதே வெறுங்காலோடு ஒருத்தரை ஒலிம்பிக்கில் கால்பந்து ஆட அனுப்பினால்? அது பக்தியும் இல்லை, வீரமும் இல்லை. நிர்வாகத்தின் லட்சணம்!

2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 1952, ஹெல்சின்கி. நம் ஆட்களில் சிலருக்குக் காலில் பூட்ஸ் இல்லை. யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. நாம் ஒன்றே ஒன்று. பயிற்சியாளர் ரஹீம், ஹைதராபாத்தில் வாத்தியாராக இருந்தவர். (1960 வரை எங்கள் திருத்தணியும் ஆந்திராவில்தான் இருந்தது. அந்த வகையில் எங்க மாநிலத்துக்காரர்!) அந்தத் தோல்வியிலிருந்து 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டித் தங்கம் வரை படம் ஓடுகிறது.

அஜய் தேவ்கன் அடக்கி வாசித்திருக்கிறார். ரஹ்மான் இசை. ரஹீம் ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பொறுக்கி எடுக்கிற பகுதி அருமை. இறுதி ஆட்டத்தில் தலையில் தையலோடு ஜர்னைல் சிங் கோல் அடிக்கிறாரே, அது நிஜமாகவே நடந்தது. முதல் கோல் பி.கே.பானர்ஜி. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்தோம். நீங்களும் கைதட்டுவீர்கள், சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? இருக்கிறது.

படத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டிருக்கிறது. நாற்காலியில் ஒரு ஆள், பேனாவோடு ஒரு ஆள் என்று உட்கார வைத்துவிட்டார்கள். இந்த ரெண்டு பேர் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் போதும் என்ற நினைப்போடு நாம் வீட்டுக்கு வருகிறோம். சிஸ்டம் தப்பித்துக்கொள்கிறது.

இன்னொன்று, நம்மை நோஞ்சான் அணியாகக் காட்டுகிற ஆசை. நாம் அப்போது நோஞ்சான் இல்லை சார்! 1951-லேயே இதே ரஹீம் ஆசியத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து, நாலாவது இடம் பிடித்தோம். எதிரே நின்ற தென்கொரியாவும் பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. போர் ஓய்ந்து ஒன்பதே வருஷமான ஏழை நாடு.

அந்த ஏழை நாடு 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போனது. நாம்? 1970-ல் ஒரு வெண்கலம். அதோடு ஆசியப் போட்டிக் கால்பந்தில் பதக்கமே இல்லை.

ஆக, சின்ன அணி பெரிய அணியை ஜெயிப்பதற்குக் கண்ணீரும் வசனமும் போதாது. குராசாவ் என்று ஒரு குட்டித் தீவு. மொத்த ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 37 லட்சம் பேர். அந்தத் தீவு 2025-ல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. எப்படி? அதன் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் நெதர்லாந்தில் வளர்ந்து, அங்கே சின்ன வயதிலிருந்தே முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். அதிசயம் எல்லாம் இல்லை, வருஷக்கணக்கான வேலை.

ரஹீம் 1963 ஜூனில் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ரஹீமை உருவாக்க யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. படமும் அதைக் கேட்கவில்லை. தங்கத்தைக் காட்டி, கண்ணைத் துடைத்து அனுப்பிவிடுகிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'தனியாள் வணிகம்' பாடம் ஞாபகம் இருக்கும். முதலாளி போனால் கடையும் போச்சு. நம் கால்பந்தும் அப்படி ஒரு கடையாகத்தான் இருந்திருக்கிறது. படத்தை அவசியம் பாருங்கள். பார்த்துவிட்டு, கடையை ஏன் இழுத்து மூடினார்கள் என்றும் கேளுங்கள்.